ஒன்ராறியோவிலிருந்து அல்பேர்ட்டாவுக்குப் போனால் சிஎஃப் மருந்துக்கு யார் காசு கட்டுவது?

முல்லைக்கொடி | 2024 மே 6

பிள்ளைக்கு ஒன்பது வயது, 27 கிலோ. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (சிஎஃப்), சளி இறுகி நுரையீரலையும் சமிபாட்டையும் பாதிக்கிற பரம்பரை நோய். ஒன்றரை வருசமாய் அதற்கான ட்ரைகாஃப்டா குளிசை எடுக்கிறாள். ஒன்ராறியோவில் இளையவர்களுக்கான அரச மருந்துத் திட்டமான ஓஹிப் பிளஸ் முழுக்கக் கட்டுகிறது, எங்கள் கையால் ஒரு சதமும் போவதில்லை. ஓகஸ்டில் கல்கரிக்கு மாறுகிறோம். எல்லா மாகாணத்திலும் இந்த மருந்து பட்டியலில் இருக்கிறது என்று சொல்லுகினம். அப்படியென்றால் ஹெல்த் கார்ட்டை மாற்றினால் போதும்தானே?

வடலி | 2024 மே 6

போதாது தங்கச்சி. மருந்து பட்டியலில் இருப்பது வேறு, உங்கள் பாமசி பில்லை ஒருவர் கட்டுவது வேறு.

1984இன் கனடா சுகாதாரச் சட்டம் ஆஸ்பத்திரியையும் டொக்டரையும்தான் மாகாணங்களுக்குக் கட்டாயமாக்கியது. வீட்டில் எடுக்கிற மருந்து அதற்குள் வராது. ஆகவே பத்து மாகாணமும் பத்து விதமாய்த் திட்டம் வைத்திருக்கின்றன. ட்ரைகாஃப்டாவுக்கு மத்திய சுகாதாரத் திணைக்களம் 2021 யூனில் அனுமதி கொடுத்தது, 12 வயதுக்கு மேல். ஆறு முதல் பதினொரு வயது 2022இல் சேர்ந்தது, இரண்டு முதல் ஐந்து 2023இல். ஒவ்வொரு முறையும் மருந்துமதிப்பீட்டு நிறுவனம் பரிந்துரைக்க வேணும் (கியூபெக்குக்குத் தனி நிறுவனம்), பிறகு மாகாணங்கள் ஒன்றாய்ச் சேர்ந்து விலை பேச வேணும், அதன்பிறகு ஒவ்வொரு மாகாணமும் தனித்தனியாய் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேணும். விலை ஒன்றாய்ப் பேசினாலும் கையெழுத்து தனித்தனி. பட்டியலில் வந்த திகதி மாகாணத்துக்கு மாகாணம் வேறுபட்டது இதனால்தான்.

இப்போது வித்தியாசம் பட்டியலில் இல்லை. எந்த வாசலால் போகவேணும், முதல் எவ்வளவு கட்டவேணும், எவ்வளவு காலம் காத்திருக்க வேணும் என்பதில்தான் இருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு ஒன்ராறியோவில் திறந்திருக்கிற வாசல் 24 வயதுவரை, தனியார் காப்புறுதி இல்லாதவர்களுக்கானது. அல்பேர்ட்டாவில் அதைப்போல ஒன்று இல்லை. வருமானம் குறைந்த குடும்பங்களுக்குப் பிள்ளைகள் சுகாதார உதவித் திட்டம் உண்டு. அதற்குள் வராதவர்கள் புளூ குரொஸ் என்ற காப்புறுதி நிறுவனம் நடத்துகிற அரச 'நொன் குரூப்' (வேலையிடக் குழு இல்லாமல் தனியாய்ச் சேருகிற) திட்டத்துக்கு மாதச் சந்தா கட்டிச் சேர வேணும், அல்லது வேலையிடத்துக் காப்புறுதி.

வடலி | மே 7

விலையை எழுதாமல் விட்டுவிட்டேன். பட்டியல் விலை வருசத்துக்கு 3 லட்சத்துச் சொச்சம் டாலர். 28 நாள் பெட்டி ஒன்று ஏறத்தாழ 23,500. ஒரு பெட்டிக்கு மட்டும் கையால் கட்டிச் சமாளிப்போம் என்று நினைக்கிற இடமே இல்லை. அதனால் இரண்டு திட்டத்துக்கும் இடையில் விழுகிற இடைவெளிதான் உங்கள் உண்மையான பிரச்சினை.

ஒன்ராறியோவை விட்டுப் போன பிறகு அந்த இடைவெளியில் ஆஸ்பத்திரிச் செலவையும் டொக்டர் செலவையும் பழைய மாகாணம் ஏற்கும். மருந்தை ஏற்காது. ஒன்ராறியோ மருந்துத் திட்டம் ஒன்ராறியோப் பாமசிக்குத்தான் காசு கொடுக்கும். கல்கரிப் பாமசியில் ஓஹிப் கார்ட்டை, அதாவது ஒன்ராறியோ ஹெல்த் கார்ட்டை, நீட்டினால் ஒன்றும் நடக்காது. அல்பேர்ட்டா கார்ட் மூன்று மாதம் கழித்துத்தான்.

கூழாங்கல் | மே 7

மூன்று மாதம் என்றால் 84 நாளா, 90 நாளா? பெட்டிக் கணக்குப் போட வேணும்.

வடலி | மே 9

மூன்று மாதம் என்று நான் எழுதியது சரியில்லை. விதி இப்படி: கனடாவின் இன்னொரு மாகாணத்திலிருந்து வந்து குடியேறினால், வந்த மாதத்தை விட்டு எண்ணி வருகிற மூன்றாம் மாதத்தின் முதல் நாள். ஓகஸ்ட் 1ஆம் திகதி போனாலும் நவம்பர் 1தான், ஓகஸ்ட் 31ஆம் திகதி போனாலும் நவம்பர் 1தான். முதலாவதில் 92 நாள், இரண்டாவதில் 62 நாள். அதாவது மாதக் கடைசியில் போனால் ஒரு முழுப் பெட்டி மிச்சம். விமான டிக்கெட் எடுக்கமுதல் இதைப் பாருங்கோ. பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் கணக்கு அதேதான், வந்த மாதத்தின் மிச்சமும் அதோடு இரண்டு மாதமும்.

ஆனால் நவம்பர் 1 என்பது ஹெல்த் கார்ட்டுக்கு மட்டும். நொன் குரூப் மருந்துத் திட்டம் அதற்கு மேல். அதில் சேர முதலில் அல்பேர்ட்டாப் பதிவு வேணும். விண்ணப்பித்த அன்றே அதுவும் தொடங்காது, தனியாய் ஒரு காத்திருப்பு இருக்கிறது. ஆகவே பதிவுப் பத்திரத்தைப் போன முதல் வாரத்திலேயே கொடுங்கோ. நவம்பர் வரும்வரை பார்த்திருந்தால் இரண்டு காத்திருப்பும் ஒன்றன்பின் ஒன்றாய் அடுக்கும்.

முல்லைக்கொடி | மே 9

அண்ணை, நொன் குரூப்புக்கு எவ்வளவு போகும்? வருத்தம் இருக்கிற பிள்ளை என்று தள்ளிவிடுவாங்களா?

வடலி | மே 10

தள்ள ஏலாது. அது அரசத் திட்டம், முன்பே உள்ள நோய் என்று விலக்கு வைக்க மாட்டினம். 2024இல் சந்தா தனி ஆளுக்கு மாதம் 63.50 டாலராய் இருந்தது, குடும்பத்துக்கு 118. வருமானம் குறைந்தால் சந்தாவும் குறையும். பாமசியில் ஒவ்வொரு மருந்துச் சீட்டுக்கும் 30 சதவீதம், ஆனால் அதற்கு ஒரு வரம்பு உண்டு, 2024இல் அது 25 டாலராய் இருந்தது. ட்ரைகாஃப்டா பெட்டிக்கு 30 சதவீதம் என்றால் 7,000 டாலர் வரும். அந்த வரம்புதான் உங்களைக் காப்பாற்றுகிறது. அதற்கு மேலாய் விசேட அனுமதி வேணும். விண்ணப்பத்தை சிஎஃப் கிளினிக் டொக்டர் போடுவார், குடும்ப டொக்டரிடம் போய் நிற்க வேண்டாம்.

வேலையிடத்துக் காப்புறுதி இருந்தால் மூன்று கேள்வியை மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கோ. முதல் நாளிலிருந்து தொடங்குமா, அல்லது தகுதிகாண் காலமா? மருந்துக்கு வருடாந்த உச்சவரம்பு எவ்வளவு? ட்ரைகாஃப்டாவை அவர்களுடைய பட்டியல் ஏற்குமா, முன்அனுமதி வேணுமா? உச்சவரம்பு 10,000 என்றால் அது பன்னிரண்டு நாள் மருந்து. 80 சதவீதம் கட்டுவோம் என்றால் மிச்ச 20 சதவீதம் வருசத்துக்கு 60,000 டாலர். "எங்களுக்கு நல்ல பெனிஃபிட் இருக்கு" என்ற பேச்சு சிஎஃப் வீட்டில் எண்ணைப் பார்க்காமல் சொல்லக்கூடாத பேச்சு.

கூழாங்கல் | மே 12

ஒன்ராறியோவில் நிற்கிறவர்களுக்கும் ஒன்று. மனைவிக்குப் புது வேலை, பெனிஃபிட்டும் வருகிறது. ஓஹிப் பிளஸ் தொடருமா?

வடலி | மே 12

தொடராது. தனியார் திட்டத்தில் பிள்ளையின் பெயர் ஏறிய நாளிலிருந்து ஓஹிப் பிளஸ் இல்லை. அந்தத் தனியார் திட்டம் ட்ரைகாஃப்டாவுக்கு ஒரு சதமும் கட்டாவிட்டாலும் இல்லைதான். இதிலே விழுந்த குடும்பங்கள் கனக்க. அப்போது போகவேண்டிய வாசல் ஒன்ராறியோவின் இன்னொரு அரச மருந்துத் திட்டமான ட்ரில்லியம்.

ட்ரில்லியத்தில் குடும்ப நிகர வருமானத்தில் ஏறத்தாழ 4 சதவீதம் முதலில் நீங்கள் கட்ட வேணும். வருசம் ஓகஸ்ட் 1 தொடங்கி யூலை 31வரை, தொகையை நான்கு காலாண்டாய்ப் பிரிப்பார்கள். 90,000 நிகர வருமானம் என்றால் வருசம் 3,600, காலாண்டுக்கு 900. ட்ரைகாஃப்டா எடுக்கிற வீட்டில் ஒவ்வொரு காலாண்டிலும் முதல் பெட்டியிலேயே அது முடிந்துவிடும். பிறகு சீட்டுக்கு 2 டாலருக்கு மேல் இல்லை. தனியார் காப்புறுதி முதலில் கட்டும், அது கட்டாத மிச்சத்துக்குத்தான் ட்ரில்லியம் வரும். தனியார் உச்சவரம்பு முடிந்தால் ட்ரில்லியம் தொடர்ந்து தாங்கும்.

கணக்குக்கு எடுப்பது நிகர வருமானம் என்பதால் ஆர்ஆர்எஸ்பி என்ற ஓய்வுகாலச் சேமிப்பில் போட்ட காசு அந்த 4 சதவீதத்தையும் குறைக்கும். வேலை போய் வருமானம் 10 சதவீதமோ அதற்கு மேலோ இறங்கினால் மறுகணிப்புக் கேட்கலாம். கட்டிய காசின் ரசீதுகளை எறியாதையுங்கோ, வருமான வரியில் மருத்துவச் செலவாய்க் காட்டலாம்.

பிள்ளைக்கு 25ஆவது பிறந்தநாள் வருகிற வீடுகளும் கவனிக்க வேணும். அன்றோடு ஓஹிப் பிளஸ் நிற்கும். ட்ரில்லியம் விண்ணப்பம் அதற்கு முன்னமே போயிருக்க வேணும்.

புங்கை (மொன்றியல்) | மே 15

கியூபெக் பற்றி ஒருவரும் எழுதவில்லை. இங்கே 1997 தொடக்கம் மருந்துக் காப்புறுதி எல்லோருக்கும் கட்டாயம். வேலையிடத்தில் குழுக் காப்புறுதி கிடைக்கக்கூடியவர் அதிலே சேர்ந்தே ஆகவேணும், அரசத் திட்டத்தில் நிற்கிறேன் என்று சொல்ல ஏலாது. ஆனால் அந்தத் தனியார் திட்டமும் அரசப் பட்டியலில் உள்ளதைக் குறையாமல் கொடுக்க வேணும் என்பது சட்டம். 10,000 டாலரோடு நிறுத்துகிற விளையாட்டு இங்கே இல்லை. அரசத் திட்டத்தில் பெரியவர் ஒருவர் மாதம் கட்டுகிற உச்சம் ஏறத்தாழ 100 டாலர், பதினெட்டு வயதுக்குக் கீழே ஒன்றும் இல்லை. ட்ரைகாஃப்டா 'விதிவிலக்கு மருந்து' என்ற வகை, டொக்டர் படிவம் போட வேணும்.

இன்னொரு பக்கமும் இருக்கு. பிறந்த குழந்தைக்குக் குதியில் இரத்தம் எடுத்து சிஎஃப் பார்க்கிற சோதனையைக் கியூபெக் 2018இல்தான் தொடங்கியது. அல்பேர்ட்டா 2007, ஒன்ராறியோ 2008. மருந்துக் காப்புறுதியில் முன்னுக்கு நிற்கிற மாகாணம் நோயைக் கண்டுபிடிக்கிற விசயத்தில் பத்து வருசம் பிந்தியது. அந்த இடையில் இங்கே பிறந்த பிள்ளைக்குத் தீராத சளியும் நிறை ஏறாமையும் இருந்தால் வியர்வைச் சோதனை கேளுங்கோ. வியர்வையின் குளோரைட் (உப்பு) அளவு 60 அல்லது அதற்கு மேல் என்றால் நோய், 30 முதல் 59 வரை சந்தேகம், மறுபடி பார்க்க வேணும்.

வடலி | மே 16

புங்கை சொன்னது பெறுமதியானது. மற்ற மாகாணங்களையும் சுருக்கமாய்ப் போட்டுவிடுகிறேன்.

பிரிட்டிஷ் கொலம்பியா: 'பிளான் டி' என்பது சிஎஃப் திட்டம் என்ற பெயரோடு இருக்கிறது. அதைப் பார்த்து ட்ரைகாஃப்டாவும் அதற்குள் என்று நினைப்பார்கள். இல்லை. அது செரிமான நொதியும் சத்துச் சேர்க்கையும் மட்டும். ட்ரைகாஃப்டா வருமானத்தைப் பார்க்கிற ஃபெயர் பாமகெயர் என்ற மருந்துத் திட்டத்தில், விசேட அனுமதியோடு. அவர்கள் பார்ப்பது இரண்டு வருசத்துக்கு முந்திய வருமானம். மனிற்ரோபா: ஏப்ரல் 1 தொடங்கும் வருசம், வருமானத்தைப் பார்த்து முன்தொகை (முதலில் நீங்களே கட்டுகிற பங்கு), அதற்குப் பிறகு முழுதும் அரசு. மார்ச்சில் திட்டத்தில் சேர்ந்தால் இரண்டு முன்தொகை கட்டுகிற ஆபத்து உண்டு. நியூ பிரன்ஸ்விக்கில் சிஎஃப் ஆட்களுக்கென்றே 'பிளான் பி', நியூஃபவுண்ட்லண்டில் 'தெரிவுத் தேவைத் திட்டம்'. சிறிய மாகாணங்கள் சில இந்த நோய்க்குத் தனி வாசல் வைத்திருக்க, மரபணுவே 1989இல் கண்டுபிடிக்கப்பட்ட ரொறன்ரோவில் குடும்பம் மூன்று திட்டத்துக்கு இடையில் அலைகிறது. இது எனக்கு ஏற்கமுடியாத விசயம்.

நொதி, விற்றமின் பற்றியும்: ஒன்ராறியோவில் அவை விசேட மருந்துத் திட்டத்தில் சிஎஃப் கிளினிக் ஆஸ்பத்திரி ஊடாக வரும், ட்ரில்லியத்தைத் தொடாமல். மாகாணம் மாறினால் ட்ரைகாஃப்டாவை மட்டும் யோசித்துக்கொண்டு கிரியோன் என்ற நொதிக் குளிசையை மறந்துவிடுவார்கள். நொதி இல்லாமல் ஒரு வேளைச் சாப்பாடும் சமிக்காது.

முல்லைக்கொடி | யூன் 3

கிளினிக்கில் சொன்னேன். கல்கரிப் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் அனுப்புவார்களாம். நான் என்னத்தைக் கேட்டு வாங்க வேணும்?

வடலி | யூன் 4

இதுதான் முழு இழையிலும் முக்கியமான கேள்வி. கடிதம் போதாது. ட்ரைகாஃப்டா தொடங்கமுதல் எடுத்த அளவீடுகள் வேணும், திகதியோடு.

ஏனென்றால் தொடர் அனுமதிக்குப் பார்ப்பது முன்னேற்றத்தை. மதிப்பீட்டு நிறுவனம் பரிந்துரைத்த அளவுகோல்படி ஆறு மாதத்தில் இவற்றில் ஒன்றாவது காட்ட வேணும்: ஊதிப் பார்க்கிற நுரையீரல் அளவு ஐந்து புள்ளியாவது கூடியிருத்தல், சளி முற்றி அன்ரிபயோட்டிக் எடுத்த நாட்கள் முந்திய ஆறு மாதத்தைவிடக் குறைதல், அதற்காக ஆஸ்பத்திரியில் படுத்த தடவைகள் குறைதல், உடல்நிறைக் குறியீடு இறங்காமல் இருத்தல், சுவாசக் கேள்விக்கொத்தில் நாலு புள்ளி கூடுதல். எல்லாமே முன்னுக்கும் பின்னுக்கும் ஒப்பிடுகிற கணக்கு.

புது மாகாணத்து டொக்டரிடம் பிள்ளை போகும்போது நுரையீரல் அளவு ஏற்கெனவே நல்லாய் இருக்கும், மருந்து வேலை செய்ததால். பழைய அளவு கையில் இல்லாவிட்டால் விண்ணப்பம் 'புதிதாய்த் தொடங்குபவர்' போல எழுதப்படும். ஆறு மாதத்தில் ஐந்து புள்ளி கூடவில்லை என்று வரும், கூட இடமில்லையே. ஆகவே விண்ணப்பத்தின் தலையிலேயே 'தொடர்சிகிச்சை' என்று எழுதி, தொடங்கிய திகதியும் அதற்கு முந்திய அளவுகளும் இணைக்க வேணும்.

கையில் எடுத்துப்போக வேண்டியவை: மரபணுப் பரிசோதனை அறிக்கையின் முழுப் பிரதி (சுருக்கம் அல்ல), வியர்வைச் சோதனை, தொடங்கமுதலும் ஆறு மாதத்திலும் எடுத்த ஊதல் அளவுகள், உயரம் நிறை அட்டவணை, அன்ரிபயோட்டிக் நாட்களின் பட்டியல், ஈரல் இரத்தச் சோதனைகள், கண் பரிசோதனை, ஒன்ராறியோ அனுமதிக் கடிதம் காலாவதித் திகதியோடு. கடதாசியில் ஒன்று, ஃபோனில் ஒன்று. கிளினிக்குக் கிளினிக் அனுப்புவது ஃபக்ஸில் தொலைந்துபோகும்.

வடலி | யூன் 4, இரவு

ஒன்று விடுபட்டது. ஒன்ராறியோவில் கடைசிப் பெட்டியைப் புறப்படுகிற வாரத்தில் எடுக்கிற மாதிரித் திகதியை இப்போதே ஒழுங்குபடுத்துங்கோ. முந்திய பெட்டி முடியும் தறுவாய்க்கு முன்பு அடுத்ததைத் திட்டம் ஏற்காது. ஓகஸ்ட் 28 புறப்பாடு என்றால் பெட்டி எடுக்கிற நாட்களைப் பின்னுக்கு எண்ணி வாருங்கோ, 28 நாள் 28 நாளாய். இடையில் குறைகிற பெட்டிகளுக்கு மருந்து நிறுவனத்தின் நோயாளர் உதவித் திட்டத்தைக் கிளினிக் தாதி ஊடாகக் கேளுங்கோ, யூலைக்குள். புறப்பட்ட பிறகு கேட்டால் எந்த மாகாணத்துக் கோப்பு என்பதிலேயே நாள் போகும்.

மருந்தை நாள்விட்டு நாள் எடுத்து நீட்டிக்கிற யோசனை வேண்டாம். நிறுத்தினால் சளி மறுபடி இறுகிவிடும். ஒரு வேளை தவறினால் மட்டும் விதி: ஆறு மணித்தியாலத்துக்குள் ஞாபகம் வந்தால் எடுக்கலாம். அதற்கு மேல் போனால், காலைக் குளிசை தவறியிருந்தால் அதை எடுத்துவிட்டு அன்றிரவு நீலக் குளிசையை விட வேணும். இரவுக் குளிசை தவறினால் விட்டுவிட்டு அடுத்த காலை வழமைபோல.

புங்கை | யூன் 20

கல்கரியில் கிளினிக் கிடைக்கமுதல் காய்ச்சல் வந்து வழியில் ஒரு வோக்-இன் டொக்டரிடம் போனால் கிளாரித்ரோமைசின் எழுதிவிடுவார்கள். ட்ரைகாஃப்டாவோடு அது சேராது, உடம்பில் மருந்தின் அளவைக் கூட்டிவிடும், குளிசையின் கணக்கை மாற்ற வேணும். அசித்ரோமைசினுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. பூஞ்சைக்குக் கொடுக்கிற இற்றாகொனசோலும் இதே வகை. கிரேப்ஃப்ரூட் பழமும் வேண்டாம்.

தாழங்காய் | யூலை 8

எங்கள் பிள்ளைக்கு இரண்டு மரபணு மாற்றமும் எஃப்508டெல் (சிஎஃப்பில் கூடுதலாய்க் காணப்படுகிற மாற்றம்) இல்லை. எந்த மாகாணத்துக்குப் போனால் ட்ரைகாஃப்டா கிடைக்கும்?

வடலி | யூலை 9

இது மாகாணக் கேள்வி இல்லை. 2024 நடுப்பகுதியில் கனடாவின் மருந்து அனுமதியே குறைந்தது ஒரு எஃப்508டெல் இருந்தால்தான் என்று இருந்தது. அமெரிக்கா 2020 டிசம்பரில் ஆய்வுகூடக் கலச் சோதனையை வைத்து 177 மாற்றங்களுக்கு அனுமதித்தது, கனடா அப்போது அந்தப் பட்டியலை எடுத்திருக்கவில்லை. வடஐரோப்பிய வம்சத்தவரில் பெரும்பாலானோருக்கு எஃப்508டெல் இருக்கிறது. தெற்காசியர்களில் அந்த விகிதம் நல்லாய்க் குறைவு. ஆகவே 'பத்தில் ஒன்பது பேருக்கு மருந்து உண்டு' என்கிற கணக்கு எங்கட பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்தாது. இதை எங்கட ஆட்கள் வெளியில் சத்தமாய்ச் சொல்ல வேணும்.

செய்யக்கூடியது: மரபணு அறிக்கையில் மாற்றத்தின் பெயரைப் பாருங்கோ. சிறு பட்டியலை மட்டும் தேடிய சோதனை என்றால் மரபணு முழுவதையும் வாசிக்கிற சோதனை கேளுங்கோ. தெற்காசியர்களில் காணப்படுகிற எஸ்549என் போன்ற 'கதவு' மாற்றம் (கலத்தில் உப்புப் போகிற வழி சரியாய்த் திறக்காத வகை) என்றால் ட்ரைகாஃப்டா இல்லாவிட்டாலும் கலிடெக்கோ என்ற மருந்து உண்டு, அதன் அனுமதியில் அந்தப் பெயர் இருக்கிறது.

கூழாங்கல் | ஒக்ரோபர் 14

தேசிய மருந்துத் திட்டச் சட்டம் போன வியாழன் நிறைவேறியிருக்கு. இனி மாகாண வித்தியாசம் போய்விடுமா?

வடலி | ஒக்ரோபர் 15

இதற்குள் சிஎஃப் இல்லை. முதற்கட்டம் கருத்தடையும் நீரிழிவு மருந்தும் மட்டும், அதுவும் மத்திய அரசோடு ஒப்பந்தம் போடுகிற மாகாணத்தில். சிஎஃப்பால் நீரிழிவு வந்தவர்களுக்கு இன்சுலின் பக்கம் உதவலாம். அரிய நோய் மருந்துக்கென 2023இல் அறிவித்த 150 கோடி டாலர் வேறு கணக்கு. அதில் முதலில் கையெழுத்திட்டது பிரிட்டிஷ் கொலம்பியா, இந்த யூலையில். அங்கேயும் மாகாணம் மாகாணமாய்த்தான்.

முல்லைக்கொடி | நவம்பர் 19

ஓகஸ்ட் 30 வந்து சேர்ந்தோம். கணவரின் காப்புறுதி முதல் நாளிலிருந்தே தொடங்கியது, எழுத்தில் கேட்டதால் தகுதிகாண் காலத்தை விட்டுக்கொடுத்தார்கள். நிறுவன உதவித் திட்டம் ஒரு பெட்டி தந்தது. நொன் குரூப் விண்ணப்பமும் போயிருக்கு. தொடர்சிகிச்சை என்று எழுதியே அனுமதி வந்தது. ஒரு நாளும் மருந்து விடவில்லை. போன கிழமை கிளினிக்கில் நிறை 29.4.

வடலி | நவம்பர் 19

நல்ல செய்தி. 29.4 என்றால் அடுத்த அலுவல் தொடங்கிவிட்டது. 30 கிலோவில் அளவு மாறும். இப்போது காலையில் 50/25/37.5 மில்லிகிராம் (மூன்று மருந்து சேர்ந்த) குளிசை இரண்டு, இரவில் 75. முப்பதை எட்டினால் காலையில் 100/50/75 இரண்டு, இரவில் 150, பெரியவர்களின் அளவு. பெட்டியின் மருந்து இலக்கமும் மாறும். அனுமதி பழைய இலக்கத்துக்கு மட்டும் எழுதப்பட்டிருந்தால் பாமசித் திரை மறுக்கும். டிசம்பர் கிளினிக்குக்கு முதல் தாதிக்கு ஃபோன் எடுத்து, இரண்டு அளவுக்கும் அனுமதி இருக்கா என்று காப்புறுதியிலும் புளூ குரொஸிலும் பார்க்கச் சொல்லுங்கோ. நிறையைச் சப்பாத்தில்லாமல், ஒரே தராசில்.